ஆறடிக்கு மூன்றடிப் பூப்பாத்தி

அன்புள்ள ராணிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கண் ஆபரேஷன் முடிந்து, கட்டை அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிப் போட்ட பிறகு நான் வாசித்த முதல் கடிதம் அதுதான். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது தாயி. இவ்வளவு நாளும் உன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது என்று அம்மாவிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கோளாறு உன் கையில் இல்லை, என் கண்ணில்தான் இருந்திருக்கிறது. டீச்சரம்மா மன்னிக்க வேண்டும்.

திண்டுக்கல்லில் பங்குச் சாமியார் வந்து உன் புது வீட்டை மந்திரித்து நாலு மாதம் ஆகிறது, முன்வாசலில் இருபதடிக்குப் பன்னிரண்டடி இடம் சும்மா கிடக்கிறது, அதில் அழகாகப் பூப்பாத்தி போட வேண்டும், எப்படிப் போடலாம் என்று கேட்டிருக்கிறாய். கேட்டதோடு விட்டிருந்தால் ஒரு கார்டில் பதில் எழுதிப் போட்டிருப்பேன். அதற்குக் கீழே நாலு வரி எழுதியிருக்கிறாய் பார், அதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. "ஒங்ககிட்டப் போயி பூப்பாத்தியப் பத்திக் கேக்கக் கூச்சமா இருக்குப்பா. அன்னைக்கு அந்தச் சம்பந்தம் முறியணும்னு நான்தேன் மாதாகிட்ட அழுது வேண்டிக்கிட்டேன். அது பலிச்சிருச்சு. ஆனா பழி ஒங்க தலையில விழுந்து ஊரே சிரிச்சுச்சு. இந்தப் பதினோரு வருஷமா நம்ம வாசலப் பாக்குறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்." இப்படி எழுதியிருக்கிறாய். அடி பைத்தியக்காரி! இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா பதினோரு வருஷம் நல்ல நாள் பெரிய நாளுக்கு இங்கே வந்து போனாய்? அந்த நாலு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். பூப்பாத்தி விவரமும் எழுதுகிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

திருச்சுழி ரோட்டில், டவுனைத் தாண்டி, நாம் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது பிளஸ் ஒன். சுற்றிலும் கரிசல் காடு, நடுவில் மொட்டையாக ஒரு வீடு. மில்லில் டைம் கீப்பர் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வாசலில் பூச்செடி வைத்துவிட வேண்டும் என்று ஒரு கிறுக்குப் பிடித்தது. மதுரைக்குப் போய் ரோஜாவும் குரோட்டன்ஸும் வாங்கி, மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்து நட்டேன். நம் கிணற்றுத் தண்ணீர்தான் தெரியுமே, அதில் பருப்பே வேகாது. ஒரே மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகி, அத்தனையும் குச்சியாக நின்றது. கோடையில் கரிசல் வெடித்து வேரையும் அறுத்துவிட்டது. அதனால் முதல் விஷயம்: உன் வீட்டுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் செடி வாங்கு. நர்சரிக்காரன் நல்ல தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி, உன் உப்புத் தண்ணீரைக் கண்டதும் கோபித்துக்கொண்டு போய்விடும். மண் இறுக்கமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணலும் ஒரு பங்கு மக்கின ஆட்டுப் புழுக்கையும் கலந்து, ஒரு வாரம் தண்ணீர் காட்டி ஆறப்போட்டு, அதற்கப்புறம் நடு. அவசரப்படாதே. நான் அவசரப்பட்டவன்.

அடுத்த வருஷம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நம் ஊர் உப்புத் தண்ணீரில், இந்த வெயிலில், எந்தச் செடி நன்றாகப் பூக்கிறது என்று சுற்றிலும் பார்த்தேன். ஒரே இடத்தில்தான் பூத்துக் கிடந்தது, நம் கல்லறைத் தோட்டத்தில். கல்லறைத் திருநாளுக்குப் போட்ட செண்டுப்பூவைக் காயவைத்து விதை எடுத்தேன். சுவரோரம் தானாக முளைத்திருந்த நித்தியகல்யாணியைப் பிடுங்கி வந்தேன். நம் பக்கத்தில் அதற்குச் சுடுகாட்டு மல்லி என்று பெயர், இருந்தால் என்ன, வருஷம் முழுக்கப் பூக்கிறதே. கொஞ்சம் கோழிக்கொண்டையும் சேர்த்துக்கொண்டேன். அப்புறம் பாத்தி கட்ட உட்கார்ந்தேன். பாத்தி என்றால் என் கைக்குத் தெரிந்த அளவு ஒன்றுதான். பத்து வயதிலிருந்து வருஷா வருஷம் எங்கள் அய்யா கல்லறையையும் அம்மா கல்லறையையும் மண் அணைத்து, செங்கலைச் சாய்த்து நட்டு, சுண்ணாம்பு அடித்து வளர்ந்த கை இது. கேட்டிலிருந்து வாசற்படி வரை போகிற பாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, ஆறடிக்கு மூன்றடி, முக்கால் அடி உயரம், ஓரமெல்லாம் சாய்வுச் செங்கல். அளவு நூல் பிடித்தாற்போல் இருந்தது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆவணி பிறந்ததும் செண்டுப்பூ மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியது.

நீ பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த அந்த ஆவணியில்தான் உன் பெரியப்பா அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். காரியாபட்டியில் இரண்டு கடை, ஒரே பையன், நம் மதத்தார், நல்ல குடும்பம். அவர்கள் மேல் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் பெண் படிக்க வேண்டாம், கல்யாணம் முடிந்ததும் கடைக் கல்லாவில் உட்கார்ந்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதே வாரம் உனக்கு டீச்சர் டிரெயினிங்குக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. போஸ்ட்மேனிடமிருந்து அதைக் கையில் வாங்கியவனே நான்தான். ஒன்றும் பேசாமல் உன்னிடம் கொடுத்தேன். நீயும் ஒன்றும் பேசாமல் வாங்கிப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தாய். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பொண்ணு பாக்க வாராக, வீட்டச் சுத்தமா வையிலே" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனபோது, எனக்கு வாயில் கொழுக்கட்டை அடைத்த மாதிரி இருந்தது. அய்யா செத்தபின் என்னைப் படிக்க வைத்தவர், மில்லில் வேலை வாங்கிக் கொடுத்தவர். அவர் சொல்லி நான் மறுத்தது கிடையாது. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், அதை நான் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு கேட்கவே இல்லை. இதுதான் நான் செய்த தப்பு தாயி, பாத்தி இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம், எம்.ரெட்டியபட்டியிலிருந்து எனக்கு ஆட்டு எரு லோடு கொண்டுவருகிறவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "போன தடவ வந்தப்ப இல்லையே சார். ரெண்டு பேரும் ஒரே நாள்லயா?" என்று மெதுவாகக் கேட்டார். "யாருய்யா ரெண்டு பேரு?" என்றேன். "இந்தா, படுத்திருக்காகளே சார்" என்று பாத்தியைக் காட்டினார். நான் கேட்டுக்கு வெளியே போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். அசல் ஜோடிக் கல்லறை. தினமும் அந்த வழியாகத்தான் வந்து நுழைகிறேன், ஆனால் அன்றுதான் முதல் தடவையாக என் வாசலை ரோட்டில் நின்று பார்க்கிறேன். ஆகவே இரண்டாவது விஷயம்: பாத்தியை வீட்டுக்குள்ளிருந்து பார்த்துப் போடாதே. தெருவில் போய் நில், வருகிறவர்கள் கண்ணால் பார்.

மறுநாள் மில்லிலிருந்து வந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேர வேலை. செங்கலைப் பிடுங்கிவிட்டு மண்ணை வட்டமாக இழுத்துவிட்டால் தீர்ந்தது. நீ அங்கே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. "என்னம்மா?" என்றேன். "வெங்காயம் உரிச்சேன்ப்பா" என்றாய். உன் கையில் வெங்காயம் இல்லை, வாளிதான் இருந்தது. அதுவும் காலியாகி ரொம்ப நேரம் ஆகியிருந்தது, நீ வெறும் வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் கடப்பாரையைத் திரும்பக் கொண்டுபோய்ப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டேன். இப்போது புரிகிறதா? எனக்குத் தெரியும் ராணி. வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரிந்துதான் அந்தப் பாத்தியை விட்டுவைத்தேன். அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை, அந்தச் செங்கல் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை மில் முடிந்து வந்தால், செங்கல் அத்தனையும் வெள்ளை வெளேரென்று புதுச் சுண்ணாம்பில் மின்னுகிறது. அது போதாதென்று இரண்டு பாத்திக்கும் தலைமாட்டில் பலகை மாதிரி ஒரு பட்டியல்கல் செங்குத்தாக நிற்கிறது. "என்ன இது?" என்று அம்மாவைக் கேட்டேன். "சம்பந்தக்காரக வாராகள்ல, வாசல் பளிச்சுனு இருக்க வேணாமா? தண்ணி ஊத்துறப்ப மண்ணு அரிக்குது, அதேன் கல்லு" என்றாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. ஒன்றும் தெரியாத மனுஷி, அழகாக இருக்கட்டும் என்று ஆசையாக வெள்ளையடித்திருக்கிறாள், நாளைக்கு அவள் கைவேலையால் அவளுக்கே அவமானம் வரப்போகிறது, தெரிந்தும் சும்மா இருக்கிறேனே என்று சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு உள்ளறையிலிருந்து தெரிந்திருக்காது. அம்பாசடர் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா முதலில் இறங்கி, கேட்டைத் திறந்து, ஒரு எட்டு வைத்தார். வைத்த காலை அப்படியே எடுத்துச் செருப்பைக் கழற்றினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மரித்தவர்களுக்கான ஜெபத்தை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் வந்த அவர் வீட்டுக்காரர் தோள் துண்டை இறக்கினார். மாப்பிள்ளைப் பையன் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றான். அவர்கள் முடிக்கும் வரை நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. பிறகு அந்த அம்மா என்னிடம், "யாருங்க? வீட்டுப் பெரியவுகளா?" என்றார். "இல்லைங்க, செண்டுப்பூ" என்றேன். வேறு என்ன சொல்வது? அண்ணன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வந்தவர்கள் அரை டம்ளர் காப்பி குடித்தார்கள், பஜ்ஜியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அண்ணன் வந்து வாசலில் நின்று கத்தினார். "பொண்ணு லட்சணமா இருக்காம், வாசல்தேன் சரியில்லையாம்! ஏலே, பொண்ணு பாக்க வார வீட்டுல எவனாச்சும் கல்லறையக் கட்டி வைப்பானா? கூறுகெட்ட பயலே!" நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கத்தில் என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு வந்தது சிரிப்பு. அப்பாடா என்று இருந்தது. அடுத்த திங்கட்கிழமை உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்டர்வியூவுக்கு உன்னோடு பஸ் ஏறினேனே, அந்தப் பிரயாணத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் விசில் அடித்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

மில்லில் ஒரு வருஷம் எனக்குக் "கல்லறை" என்றே பெயர். ஷிப்ட் முடிந்து போகிறவன் வருகிறவன் எல்லாம் "என்னண்ணே, வீட்ல எல்லாரும் இளைப்பாறுறாகளா?" என்று கேட்டுவிட்டுப் போவான். வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் உன் ஹாஸ்டலிலிருந்து கடிதம் வருகிற நாளில் ஒன்றும் உறைக்காது. ஆகவே என் தலையில் விழுந்த பழி உன் வேண்டுதலால் விழுந்தது இல்லை. நானே குனிந்து வாங்கிக்கொண்டது. அதை நீ இன்றோடு இறக்கி வை.

இது வரைக்கும் எனக்குத் தெரிந்த கதை. மிச்சம் செவ்வாய்க்கிழமைதான் எனக்கே தெரிந்தது. அம்மா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். அந்த நாலு வரி வந்ததும் கடிதத்தை மடியில் வைத்தேன். இனியும் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, எருவண்டிக்காரர் சொன்னது, கடப்பாரையைத் திரும்ப வைத்தது எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டு, "நீ பாவம், ஆசையா வெள்ளையடிச்ச. ஒன்னைய அவமானப்பட விட்டுட்டேன்" என்றேன். அவள் மாவுக் கையோடு என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பார், கண்ணில் தண்ணீர் வந்து, விக்கல் எடுத்து, நான் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது. "அந்த எருவண்டிக்காரரு பேசுனது ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்காதா? புள்ள கார்டக் காட்டி அழுதா. ஒங்க அண்ணன் முன்னாடி நான் என்னத்தப் பேச? நீங்க செங்கலப் புடுங்கிருவீகளோன்னு பயந்துதேன், நீங்க மில்லுக்குப் போனதும் ஒங்க அய்யா கல்லறைக்கு அடிக்கிற கணக்கா நீலம் போட்டு ரெண்டு தடவ அடிச்சேன். தலமாட்டுக் கல்லு எதுக்குன்னு நெனச்சீக? ஒண்ணுந் தெரியாத மனுசன இப்பிடி ஊரு சிரிக்க விட்டுட்டமேன்னு நான் எத்தன நாளு அழுதிருக்கேன் தெரியுமா!" அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன் ராணி. சம்பந்தம் போன வருத்தம் என்றுதான் நினைத்தேன். ஒருவரை ஒருவர் ஏமாளி என்று பாவம் பார்த்துக்கொண்டே பதினோரு வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டிருக்கிறோம். அந்த மூன்று நாளும் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே நினைப்பு, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தைரியத்தில் நேற்றுப் பூசை முடிந்ததும் உன் பெரியப்பாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அறுபத்திரண்டு வயதில் அவர் வாசற்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டுத்தான் உள்ளே போனேன், சிரிக்காதே. அவர் கேட்டுவிட்டுத் தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேனேலே. நான் என்ன புலியா?" என்றார். இவ்வளவுதான். ஒரு வார்த்தைதான் பாக்கி இருந்திருக்கிறது. எழுந்து வரும்போது, "தலமாட்டுல கல்லு வேற நட்டாளா அவ?" என்று கேட்டு அவரும் சிரித்துவிட்டார். இருமல் வரும் வரை சிரித்தார். எனக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறது.

இனி உன் வாசல். நேர்க்கோட்டில் எதையும் போடாதே, அது நம் குடும்பத்துக்கு ஆகாது. ஒரு தாம்புக் கயிற்றை நனைத்துத் தரையில் போட்டு, உன் வீட்டுக்காரரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, வளைந்து வளைந்து போகிற மாதிரி நெளித்துவிடு. கண்ணுக்குப் பிடிக்கும் வரை நெளி. அந்தக் கயிற்றை ஒட்டியே மண்ணைக் கொத்து. சுவரோரம் உயரமான அரளியும் செம்பருத்தியும், நடுவில் இடுப்பளவு டிசம்பர் பூவும் கனகாம்பரமும், முன்னால் தரையோடு தரையாகப் படர்கிற டேபிள் ரோஸும் இருக்கட்டும். ஒரு செடி இங்கே ஒரு செடி அங்கே என்று தூவாதே, ஒரே நிறத்தில் ஏழெட்டுச் செடியைச் சேர்த்துக் கூட்டமாக நட்டால்தான் தெருவிலிருந்து எடுப்பாகத் தெரியும். பாதை இரண்டு பேர் பேசிக்கொண்டே சேர்ந்து நடக்கிற அகலம் இருக்க வேண்டும். ஓரத்துக்குச் செங்கல் வை, சுண்ணாம்பு மட்டும் அடிக்காதே. அம்மா வந்து அடித்துத் தருகிறேன் என்பாள், விட்டுவிடாதே.

எல்லாவற்றையும் ஒரு தாளில் படமாக வரைந்து, எந்த இடத்தில் எந்தப் பூ என்று கலர் பென்சிலால் தீட்டி, இந்தக் கடிதத்தோடு வைத்திருந்தேன். கவரை ஒட்டப் போகும்போது அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "எல்லாஞ் சரிதேன். அவளுக்கு என்ன பூ வேணும்னு கேட்டீகளா?" என்றாள்.

நான் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டேன், அனுப்பவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், வெறும் வாளியோடு நீ நின்ற அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியவன், இப்போதுதான் கேட்கிறேன். உனக்கு என்னம்மா வேண்டும்? எழுது. நீ எழுதின பிறகு நாங்கள் பஸ் ஏறுகிறோம்.

அன்புடன்,
அப்பா